விரலும் நெற்றியும் வழுக்கையைச் சொல்லுமா?

ஆறாம் படிவ மாணவர்களுக்கு நான் உயிரியல் கற்பிக்கிறேன். பாடம் முடிந்ததும் பையன்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில் தேர்வுக்கு அடுத்த இடம் தலைமுடிக்குத்தான். "சார், என் நெற்றி அகலம். சீக்கிரம் போத்தாக் ஆகிடுவேனா?" "மோதிர விரல் நீளமா இருந்தா முடி கொட்டுமாமே?" "அம்மாவோட அப்பாவுக்கு வழுக்கை. அப்படின்னா எனக்கும் வரும்னு பாட்டி சொல்றாங்க." "நெஞ்சுல முடி அடர்த்தியா வந்தா தலையில போயிடுமா சார்?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விகள் அல்ல இவை. 18 வயதில் கண்ணாடி முன் நிற்பவருக்குத் தன் தோற்றம் பெரிய விஷயம். அந்தக் கவலையை நம்பியே ஒரு வியாபாரமும் நடக்கிறது. ஆகவே, உடம்பில் தெரியும் அடையாளங்களை வைத்து வழுக்கையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் தேவை என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துப் பலன் சொல்வது நமக்குப் புதிதல்ல. தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள். வழுக்கை விழுந்தால் பணம் சேரும் என்பார்கள். வழுக்கைத் தலையர் பணக்காரர் என்ற பேச்சு நம் சீன நண்பர்களின் வீடுகளிலும் உண்டு. இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பலனை ஹார்மோன், மரபணு என்ற சொற்களைச் சேர்த்துக் கைப்பேசிக் காணொளியில் ஒருவர் சொல்லும்போது நம்பிவிடுகிறோம். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

வழுக்கை எப்படி விழுகிறது?

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுழற்சியில் வளர்கிறது. சில ஆண்டுகள் வளர்ச்சி, சில வாரங்கள் இடைநிலை, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வு, பிறகு உதிர்வு. உதிர்ந்த இடத்தில் புது முடி முளைக்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கையில் முடி ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்குகிறது. வளர்ச்சிக் காலம் குறைகிறது. கெட்டியான முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியைப் போல் ஆகிவிடுகிறது. நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் இது தொடங்கும். பின்மண்டையிலும் காதோரங்களிலும் உள்ள முடி பெரும்பாலும் தப்பிவிடும்.

இதைத் தூண்டுவது டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான சான்று. பருவமடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதை அவர் கண்டார். அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. அந்தப் பரம்பரை இல்லாதவர்களுக்கு அதே ஹார்மோன் கொடுத்தும் முடி போகவில்லை.

அந்த ஒரே ஆய்வில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஹார்மோன் இல்லாமல் வழுக்கை இல்லை. ஆனால் ஹார்மோன் மட்டும் போதாது. அதற்கு வளைந்துகொடுக்கும் மயிர்க்காலும் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும். வழுக்கை விழுந்தவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம், அதனால் வீரியம் அதிகம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வழுக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் ஒரே வரம்பில்தான் இருக்கும். வேறுபடுவது மயிர்க்கால் அதற்குக் காட்டும் எதிர்வினை.

மயிர்க்காலின் குணம் அதன் கூடவே போகும் என்பதற்கும் சான்று உண்டு. 1959இல் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக், பின்மண்டை முடியை எடுத்து வழுக்கை இடத்தில் நட்டபோது அது அங்கும் தொடர்ந்து வளர்ந்தது என்று எழுதினார். இன்றைய முடி நடவு சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

தாடியும் நெஞ்சு முடியும்

1974இல் டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்துக் குடும்பங்களைப் பற்றி மருத்துவர் ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லியின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி குறைவாக இருந்தது. டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி அது. அவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை. தாடியும் மிகக் குறைவு.

அதாவது தாடியை வளர்க்கும் ஹார்மோனே தலைமுடியைச் சுருக்குகிறது. முகத்திலும் நெஞ்சிலும் அது பூனைமுடியைக் கெட்டியாக்குகிறது. உச்சந்தலையில் கெட்டி முடியைப் பூனைமுடியாக்குகிறது. அப்படியானால் அடர்ந்த தாடி வழுக்கைக்கு அறிகுறிதானே என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. முகத்து மயிர்க்கால் ஹார்மோனுக்கு எவ்வளவு வளைகிறது என்பதும், தலை மயிர்க்கால் எவ்வளவு வளைகிறது என்பதும் ஒன்றல்ல. அடர்ந்த தாடியும் அடர்ந்த தலைமுடியுமாக 60 வயது வரை இருப்பவரை நம் உறவிலேயே பார்த்திருப்போம். மழுமழு கன்னத்தோடு 30 வயதில் முடியை இழந்தவரையும் பார்த்திருப்போம். இரண்டுக்கும் காரணமான பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டும், ஒன்று மற்றொன்றுக்கு முன்னறிவிப்பு ஆகிவிடாது.

விரல் நீளக் கணக்கு

ஆள்காட்டி விரலின் நீளத்தை மோதிர விரலின் நீளத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். சராசரியாக ஆண்களுக்கு இந்த எண் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. கருவில் இருக்கும்போது கிடைத்த ஆண் ஹார்மோனின் அடையாளம் இது என்ற கருத்தைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் மேனிங் 1998 முதல் முன்வைத்தார். அதன் பிறகு விளையாட்டுத் திறன், நோய், குணம் என்று பலவற்றோடு இந்த எண்ணை ஒப்பிட்டார்கள். வழுக்கையும் அதில் சேர்ந்தது. துருக்கி மருத்துவர்கள் செய்த ஆய்வுகளில், வழுக்கை உள்ள ஆண்களுக்கு வலது கையில் இந்த எண் சராசரியாகச் சற்றுக் குறைவாக இருந்தது.

இதைப் படித்ததும் அளவுகோலைத் தேடாதீர்கள். "சராசரியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஒரு குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது. விரலை அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே கணக்கு மாறிவிடும். மேலும் கருவில் கிடைத்த ஹார்மோனை இந்த எண் எந்த அளவுக்குக் காட்டுகிறது என்பதிலேயே அறிவியலாளர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு

இது எஸ்.பி.எம். கணிதம் போதும் என்ற அளவிலான கணக்கு. எண்கள் கற்பனையே, முறைதான் முக்கியம்.

100 இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேருக்கு 40 வயதுக்குள் வழுக்கை விழும் என்று வைப்போம். ஓர் உடல் அடையாளம், வழுக்கை விழப்போகிறவர்களில் 60 விழுக்காட்டினரிடம் இருக்கிறது; விழாதவர்களில் 50 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. இது உண்மையான தொடர்புதான். ஆய்வுக் கட்டுரையே எழுதலாம்.

இப்போது எண்ணுவோம். 30 பேரில் 60 விழுக்காடு என்றால் 18 பேர். மீதி 70 பேரில் 50 விழுக்காடு என்றால் 35 பேர். அடையாளம் உள்ளவர்கள் மொத்தம் 53 பேர். அந்த 53 பேரில் வழுக்கை விழப்போகிறவர் 18 பேர், அதாவது 34 விழுக்காடு. அடையாளத்தைப் பார்க்காமலேயே நமக்குத் தெரிந்த வாய்ப்பு 30 விழுக்காடு. பார்த்த பிறகு 34. இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

தொடர்பு இருக்கிறது என்பதும் முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதும் வேறு வேறு. இந்த ஒரு பாடம் வழுக்கைக்கு மட்டுமல்ல, நீங்கள் படிக்கும் எல்லா ஆய்வுச் செய்திக்கும் உதவும்.

தாத்தாவைப் பார்ப்பதா, அப்பாவைப் பார்ப்பதா?

பாட்டி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. வழுக்கையோடு மிக வலுவாகத் தொடர்புடைய மரபணுப் பகுதிகளில் அது ஒன்று. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வரும். எனவே தாய்வழி முக்கியம்.

ஆனால் தாய்க்கு இரண்டு எக்ஸ். ஒன்று அவருடைய அப்பாவிடமிருந்து, மற்றொன்று அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. மகனுக்குப் போவது பெரும்பாலும் இரண்டும் கலந்த ஒன்று. ஆகவே அந்த மரபணு தாத்தாவுடையதாக இருக்க ஏறத்தாழ பாதி வாய்ப்புதான். மற்ற பாதி பாட்டியின் வழி. பாட்டி தலையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தாய்மாமாவின் எக்ஸ் பாட்டியிடமிருந்து வந்தது என்பதால், தாத்தாவோடு தாய்மாமாவையும் பார்த்தால்தான் தாய்வழிப் படம் ஓரளவு தெரியும். என் வீட்டிலேயே என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனுக்கு இன்றும் சீப்பு நிற்காத அடர்த்தி. எனக்கு 35 வயதிலேயே முன்நெற்றி ஏறிவிட்டது. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே தாத்தா.

அப்பாவின் பங்கும் குறைவல்ல. 2008இல் 20ஆம் குரோமோசோமிலும் வழுக்கையோடு தொடர்புடைய பகுதி கண்டறியப்பட்டது. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரக்கூடியது. 2017இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்து, வழுக்கையோடு தொடர்புடைய 287 பகுதிகளைக் கண்டார்கள்.

அந்த ஆய்வில் நமக்குத் தேவையான எண் வேறு. எல்லா மரபணுக்களையும் கூட்டி மதிப்பெண் போட்டு, மிக அதிக மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினரைப் பார்த்தார்கள். அவர்களில் 58 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான வழுக்கை இருந்தது. அப்படியானால் 42 விழுக்காட்டினருக்கு அந்த அளவுக்கு இல்லை. மரபணுவை நேரடியாகப் படித்தே இவ்வளவுதான் சொல்ல முடிகிறது என்றால், விரலையும் நெற்றியையும் பார்த்து எவ்வளவு சொல்ல முடியும்? அதோடு, அந்த ஆண்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த மதிப்பெண்ணை அப்படியே நம் தலையில் பொருத்திப் பார்க்கவும் முடியாது.

இரட்டையர் ஆய்வுகள் வழுக்கையில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்கின்றன. இதை "எனக்கு வர 80 விழுக்காடு வாய்ப்பு" என்று படித்துவிடக் கூடாது. மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் பெரும்பகுதி மரபால் வருகிறது என்பதே அதன் பொருள். தொப்பி, ஹெல்மெட், அடிக்கடி தலைக்குக் குளிப்பது ஆகியவற்றைப் பழிசொல்லத் தேவையில்லை என்பது அதிலிருந்து கிடைக்கும் ஆறுதல்.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரின் பீஷான் வட்டாரத்தில் நடத்திய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளியானது. 17 முதல் 26 வயது வரை உள்ள ஆண்களிலேயே 32 விழுக்காட்டினரிடம் வழுக்கையின் அறிகுறி இருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்தால் 63 விழுக்காடு. சீனர்களில் 61 விழுக்காடு, இந்தியர்களில் 87 விழுக்காடு. சில நூறு பேரைக் கொண்ட சிறிய ஆய்வு இது. அதில் இந்தியர்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு. எனவே 87 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று தெளிவு. வழுக்கை ஓர் அபூர்வ நோயல்ல. லேசான நிலையையும் சேர்த்துக்கொண்டால், வயது ஏற ஏறப் பெரும்பாலான ஆண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில், மாற்றத்தைப் பாருங்கள். நெற்றி பிறவியிலேயே அகலமாக இருப்பது ஒன்று. ஏறிக்கொண்டே போவது வேறு. பதின்ம வயது முடிவிலிருந்து 20களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான ஆண்களுக்கு முன்முடிக் கோடு ஏறத்தாழ ஒரு விரல் அகலம் மேலேறும். அது சிறுவன் முகம் ஆண் முகமாவது. அதன்பின் நின்றுவிட்டால் வழுக்கை அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். தினமும் கண்ணாடி பார்ப்பதால் பயனில்லை.

இரண்டாவது, உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி பல பக்கமும் பிரிவதால் தோல் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சுற்றியுள்ள இடமும் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறதா என்பதே கேள்வி.

மூன்றாவது, முடியின் தடிமன். தோல் மருத்துவர் உருப்பெருக்கியில் பார்க்கும்போது, ஒரே இடத்தில் கெட்டி முடியும் மெலிந்த முடியும் கலந்திருக்கும். இந்தத் தடிமன் வேறுபாடு 20 விழுக்காட்டு முடிகளுக்கு மேல் காணப்பட்டால் அது வழுக்கையின் அடையாளம். உண்மையில் நம்பத்தக்க உடல் அடையாளம் இதுதான். ஆனால் இது ஆரூடம் அல்ல. ஏற்கெனவே தொடங்கிவிட்டதைக் காட்டும் சான்று.

நான்காவது, எப்போது தொடங்கியது என்பது. திடீரென்று கைகையாகக் கொட்டினால் அது பெரும்பாலும் வேறு கதை. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க முடி உதிரும். பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போவதால் வரும் நிலை அது. காரணம் நீங்கினால் முடி திரும்பி வளரும்.

என் பழைய மாணவர் ஒருவருக்கு நடந்தது இது. பல்கலைக்கழக முதலாண்டில் டிங்கி காய்ச்சலில் படுத்து எழுந்தார். மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்கியது. பேரங்காடி ஒன்றில் இருந்த முடிப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனார். இலவசப் பரிசோதனை என்றார்கள். கேமராவில் தலையைக் காட்டி, நெற்றி அமைப்பைப் பார்த்து, 25 வயதுக்குள் உச்சி காலியாகிவிடும் என்றார்கள். கல்விக் கடன் பணத்திலிருந்து 2,800 ரிங்கிட் கட்டி, பத்து முறை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டார். காய்ச்சல் வந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்த்த அரசாங்க கிளினிக் மருத்துவர்தான் அதை முதலில் கேட்டார். ஆறேழு மாதத்தில் முடி தானாகவே வளர்ந்தது. அந்தப் பருவத்துக்கான புத்தகச் செலவுக்கு அவர் அக்காவிடம் கடன் வாங்கினார்.

மருந்து பற்றிச் சில வார்த்தைகள்

வழுக்கை உறுதியானால் அதன் வேகத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரை. உடம்பில் முடி வளர்வது அதன் பக்கவிளைவாகத் தெரிந்ததால் தலையில் பூசும் திரவமானது. ஃபினாஸ்டிரைட், டொமினிகன் குடும்பங்களில் குறைவாக இருந்த அதே நொதியைத் தடுக்கும் மாத்திரை. அமெரிக்காவில் 1997இல் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. இரண்டுக்கும் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும்.

ஃபினாஸ்டிரைட்டை மருத்துவரின் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது உரியதல்ல. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் ஏற்படலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும். இணையத்தில் நண்பர் வாங்கித் தந்தார் என்று விழுங்கும் பொருள் அல்ல அது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத "இயற்கை மூலிகை" மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த நிலையமாக இருந்தாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். ஏமாந்துவிட்டால் மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம்.

மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதிலை இங்கேயும் சொல்கிறேன். விரல், நெற்றி, தாடி, சுழி எதுவும் உங்கள் தலையின் எதிர்காலத்தைச் சொல்லாது. குடும்பத்தின் இரு பக்கமும் ஓரளவு சொல்லும். உங்கள் தலையிலேயே நடக்கும் மாற்றம் அதைவிட நன்றாகச் சொல்லும். அடுத்த முறை யாராவது உங்கள் உடம்பைப் பார்த்துப் பலன் சொன்னால், இந்த அடையாளம் இருந்தும் வழுக்கை விழாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணப்பையை மூடிவிட்டுக் கிளம்பிவிடலாம்.